புல் சைஸ் கேரம் போர்டு: எட்டு மாசம் விளையாடிட்டு எழுதற ரிவ்யூ

போர்டு வாங்கி எட்டு மாசம் ஆச்சு. வாங்கின வாரமே எழுதியிருந்தா சூப்பரா இருக்கு, அஞ்சு ஸ்டார்னு முடிச்சிருப்பேன், ஆனா கேரம் போர்டுங்கறது ஒரு மழைக்காலம் தாண்டினாதான் அதோட தரம் தெரியும், அதான் இவ்ளோ நாள் பொறுத்து எழுதறேன். கொஞ்சம் நீளமா போகும்.

முதல்ல எதுக்கு வாங்கினேன்னு சொல்லிடறேன், ஏன்னா அத சொல்லாம இந்த போர்ட பத்தி எழுதறதுல அர்த்தமே இல்ல. எனக்கு ஊரு சாத்தூர் பக்கம். வேலைக்காக சென்னை வந்து ரெண்டு வருஷம், துரைப்பாக்கத்துல ஒரு அப்பார்ட்மெண்ட்ல சிங்கிள் பெட்ரூம் வீடு. காலேஜ் வரைக்கும் ஃப்ரெண்ட்ஸ தேடிப்போகணும்னு ஒரு நிலைமையே வந்ததில்ல, ஹாஸ்டல்ல கதவ தொறந்தா நாலு பேர் வராண்டால உக்காந்திருப்பாங்க. இங்க வாரத்துல மூணு நாள் வீட்ல இருந்தே வேலை, டீம்ல பாதி பேர் ஹைதராபாத், மீதி பேர் மீட்டிங் முடிஞ்சா முடிஞ்சுது. ஒரு ஞாயித்துக்கிழமை ராத்திரி அம்மா போன் பண்ணாங்க, நான் ஹலோன்னு சொன்னதும் "ஏன்டி தொண்டை கட்டிருக்கு, சளியா?"ன்னு கேட்டாங்க. சளி எல்லாம் இல்ல. வெள்ளிக்கிழமை சாயங்காலத்துல இருந்து டெலிவரி தம்பிகிட்ட ஓடிபி சொன்னத தவிர நான் யார்கிட்டயும் வாயத் தொறந்து பேசவே இல்ல, அதான் குரல் கம்மிப் போயிருந்துச்சு. அன்னிக்கு ரொம்ப பயந்துட்டேன்.

அப்புறம் எல்லாரும் பண்றதத்தான் நானும் பண்ணேன். ஜிம்ல சேந்தேன், அங்க எல்லாரும் காதுல இயர்போன். ஜூம்பா கிளாஸ் போனேன், மாஸ்டர் நல்லா சொல்லிக்கொடுத்தாரு, ஆனா ஒரு மணி நேரம் எல்லாரும் கண்ணாடிய பாத்துதான் ஆடறோம், முடிஞ்சதும் டவல எடுத்துட்டு கிளம்பிடறோம். பேட்மிண்டன் கோர்ட்டுக்கு போனா அவங்கவங்க நாலு பேரா செட் சேந்து வராங்க, தனியா வர்ற ஆளு ஓரமா நின்னு ராக்கெட்ட சுத்திக்கிட்டு இருக்க வேண்டியதுதான். இதெல்லாம் மோசம்னு சொல்லல, உடம்புக்கு நல்லது. எனக்கு வேண்டியிருந்தது எதுத்தாப்ல ஒருத்தர் உக்காந்து, இடையில பேசறதுக்கு நேரம் இருக்கற மாதிரி ஏதோ ஒண்ணு.

சின்ன வயசுல ஆச்சி வீட்ல மே மாச லீவு முழுக்க கேரம்தான். அந்த ஞாபகத்துல ஆன்லைன்ல ஒரு போர்டு ஆர்டர் பண்ணேன். எந்த கடை, என்ன கம்பெனின்னு எழுத விரும்பல. ஃபோட்டோல பளபளன்னு இருந்துச்சு, 26 இன்ச், விலை ஆயிரத்து சொச்சம். வந்ததும் பாத்தா அடில இருக்கற ப்ளை அப்பளம் மாதிரி, நடுவுல விரல வெச்சு அழுத்தினா உள்ள போகுது. மூணே வாரத்துல வளைஞ்சு, சுண்டின காய் எல்லாம் தானா உருண்டு ஒரே மூலைக்கு போக ஆரம்பிச்சுது. ரிட்டர்ன் டேட் முடிஞ்சிடுச்சுன்னு சொல்லிட்டாங்க, காசு போச்சு.

அந்த போர்ட தூக்கி கீழ குப்பைத் தொட்டி பக்கத்துல சாச்சு வெக்கப் போனப்பதான் ரெண்டாவது மாடி சார் பாத்தாரு. ரிட்டயர்டு ஆனவரு, தினமும் காலைல பால் வாங்க போறப்ப பாப்பேன், தலை ஆட்டுவாரு, அவ்ளோதான் பழக்கம். போர்ட கண் மட்டத்துக்கு தூக்கி ஒரு கண்ண மூடி பாத்தாரு. "நாலு எம்எம் ப்ளை போட்டிருக்கான்மா, இது எப்படி நிக்கும்? குறைஞ்சது எட்டு எம்எம் இருக்கணும்"னாரு. அப்புறம் அங்கயே நின்னு அரை மணி நேரம் பேசினாரு. ஆபீஸ் டீமுக்கு விளையாடினவராம். ரெண்டு வருஷத்துல அந்த பில்டிங்ல யாரோ என்கூட நின்னு அரை மணி நேரம் பேசினது அதுதான் முதல் தடவை.

அவரு சொன்னத வெச்சுத்தான் பெரியமேட்டுக்கு போனேன். சென்ட்ரல்ல இறங்கினா கிட்டதான், சைடன்ஹாம்ஸ் ரோட்டுல வரிசையா ஸ்போர்ட்ஸ் கடைங்க. வாங்கப்போறவங்களுக்கு உபயோகமா இருக்கும்னு சார் சொல்லிக்கொடுத்தத அப்படியே சொல்றேன். புல் சைஸ்னா விளையாடற இடம் மட்டும் 29 இன்ச் சதுரம், ரூல்படி 73.5ல இருந்து 74 சென்டிமீட்டர். சுத்தி இருக்கற மர ஃப்ரேம் தனி. கடைக்காரங்க சில சமயம் ஃப்ரேமையும் சேத்து சைஸ் சொல்வாங்க, அதனால உள்பக்கம் டேப் வெச்சு அளந்து பாத்துடுங்க. ப்ளை 8 எம்எம்முக்கு குறையக்கூடாது, நான் 12 எம்எம் எடுத்தேன். போர்ட கண் மட்டத்துக்கு தூக்கி பாத்தா எங்கயாவது மேடு பள்ளம் இருந்தா வெளிச்சம் உடைஞ்சு தெரியும். ஃப்ரேமும் பலகையும் சேர்ற இடத்துல நகத்த ஓட்டிப் பாருங்க, இடைவெளி இருந்தா மழைல அங்கதான் தண்ணிய உறிஞ்சும். முக்கியமானது கடைசில, பவுடர் போடச் சொல்லி 15 கிராம் ஸ்ட்ரைக்கர முழு பலத்தோட எதிர் ஃப்ரேம்ல அடிங்க. போயிட்டு வந்து போயிட்டு வந்து மூணரை தடவையாவது ஓடணும், அது ரூல்புக்லயே இருக்கற கணக்கு. முதல்ல காட்டின போர்டுல ரெண்டரைக்கே நின்னுடுச்சு. கடைக்கார அண்ணன் என்ன ஒரு மாதிரி பாத்துட்டு, "யாரும்மா சொல்லிக்கொடுத்தா?"ன்னு கேட்டுட்டு உள்ள போய் வேற ஒண்ணு எடுத்துட்டு வந்தாரு. அது மூணரையத் தாண்டி நாலுகிட்ட போச்சு. அதத்தான் வாங்கினேன், 5,400 ரூபா, காய், ஒரு ஸ்ட்ரைக்கர், ஒரு டப்பா பவுடர் சேத்து. ஸ்டாண்ட் தனியா 900.

இப்ப போர்ட பத்தி. மேல்தளம் அருமை, வழவழப்புன்னா அப்படி ஒரு வழவழப்பு, லேசா சுண்டினாலே போதும். சின்ன வயசுல நாங்க எல்லாம் பலம் போட்டு அடிச்சுத்தான் பழக்கம், இதுல அப்படி அடிச்சா ஸ்ட்ரைக்கர் எகிறி வெளிய போயிடும், கை பழக ரெண்டு வாரம் ஆச்சு. ஃப்ரேம் கனமான மரம், பட்டு திரும்பி வர்ற வேகம் நாலு பக்கமும் ஒரே மாதிரி இருக்கு. டபுள் அடிக்கறவங்களுக்கு அதோட அருமை தெரியும், எதிர் ஃப்ரேம்ல பட்டு வந்து நம்ம பக்கத்து காய தள்ளணும்னா திரும்பற கோணம் கணக்கா இருக்கணும். ஓட்டைல வலை கெட்டி, இதுவரைக்கும் கிழியல.

குறைன்னு சொன்னா கூட கொடுத்த ஸ்ட்ரைக்கர். அது சும்மா பிளாஸ்டிக், எடையே இல்ல, ஓரத்துல பிசிறு. அத தூக்கி வெச்சுட்டு 350 ரூபாய்க்கு தனியா ஒண்ணு வாங்கினேன். ஸ்ட்ரைக்கர் அதிகபட்சம் 15 கிராம்தான் இருக்கலாம், விட்டம் 4.13 சென்டிமீட்டர், அதுக்கு மேல பெருசா வாங்கி அடிக்கறவங்க வீட்ல விளையாடலாம், போட்டில விடமாட்டாங்க. காயும் சுமார்தான், ஒரு கருப்பு காய் மத்ததவிட கொஞ்சம் தடிமனா இருக்கு, அடுக்கும்போது தட்டுப்படுது. அடுத்தது எடை. 12 எம்எம் போர்ட ஒருத்தரா தூக்க முடியாது, முடிஞ்சாலும் இடுப்பு போயிடும்.

இந்த எடைதான் எல்லாத்தையும் மாத்துச்சு. ஆட்டோல குறுக்க வெச்சு புடிச்சுக்கிட்டே கொண்டு வந்து கேட்டுகிட்ட இறக்கினேன். லிஃப்ட்ல ஒருத்தியா ஏத்த முடியல. வீட்டு ஹால்ல ஸ்டாண்ட் போட்டு சுத்தி நாலு நாற்காலி போட்டா கிச்சனுக்கு போக வழி இருக்காதுன்னும் அப்பதான் உறைச்சுது. வாட்ச்மேன் அண்ணன்தான் "இங்கயே வெய்ம்மா, நான் பாத்துக்கறேன்"னு பார்க்கிங்ல அவரு மேஜைக்கு பக்கத்துல, ரெண்டு தூணுக்கு நடுவுல கார் நிக்க முடியாத ஒரு முக்கு இருக்கும், அங்க ஸ்டாண்ட விரிச்சு கொடுத்தாரு. ரெண்டு நாள்ல மேல எடுத்துட்டு போயிடலாம்னு நெனச்சேன். எட்டு மாசமா அங்கதான் இருக்கு.

முதல் நாள் நானும் சாரும்தான். அவரு எதுத்தாப்ல உக்காந்து மூணு போர்டு, அதாவது மூணு ரவுண்டு, முடிச்சாரு, நான் எடுத்த காய் மொத்தமே பதினொண்ணு. வாட்ச்மேன் அண்ணன் நின்னு பாத்துக்கிட்டே இருந்தாரு. சார் போனப்புறம், "ஒரு ஆட்டம் ஆடவாம்மா?"ன்னு தயங்கி தயங்கி கேட்டாரு. உக்காந்தாரு. கட்டை விரலால அடிக்கறாரு, தம்ப் ஷாட், பின்னாடி இருக்கற காய எல்லாம் திரும்பிக்கூட பாக்காம போடறாரு. ஆரணி பக்கம் அவரு ஊர்ல நற்பணி மன்றத்துல வளந்தவராம். ரெண்டு வருஷமா தினமும் குட்மார்னிங் சொல்லிட்டு போன மனுஷன், அவருக்கு ரெண்டு பொண்ணுங்க, பெரியவ நர்சிங் படிக்கறா, இதெல்லாம் எனக்கு அன்னிக்கு ராத்திரிதான் தெரியும்.

அதுக்கப்புறம் நான் யாரையும் கூப்பிடவே இல்ல. வண்டி நிறுத்த வர்றவங்க நின்னு பாப்பாங்க, "அந்த காய கட் பண்ணா போகும்"னு ஒரு யோசனை சொல்வாங்க, சொன்னவங்கள உக்கார வெச்சிடுவோம். பக்கத்து பிஜில இருந்து ரெண்டு பசங்க, ஒருத்தன் கடலூரு, ஒருத்தன் ஒடிசா. கடலூரு தம்பிகிட்ட தமிழும் ஒடிசா தம்பிகிட்ட பாதி இந்தி பாதி கை ஜாடையும், ஆனா கேரம்ல ரெட்டுன்னா எல்லாருக்கும் ரெட்டுதான். என் வீட்டுக்கு நேர் மேல் வீட்டு அக்கா, கல்யாணம் ஆகி வந்து ஒரு வருஷம், அவங்களும் என்ன மாதிரியே வீட்டுக்குள்ளயே உக்காந்திருந்தவங்கதான்னு பழகினப்புறம்தான் தெரிஞ்சுது. நாங்க ரெண்டு பேரும் தலைக்கு மேலயும் காலுக்கு கீழயுமா ஒரு வருஷம் தனித்தனியா தனியா இருந்திருக்கோம். இப்ப டபுள்ஸ்ல அவங்கதான் என் ஜோடி.

வீட்டுக்கு ஒரு ரூல் இருக்கு பாருங்க, அதுவே பெரிய பேச்சு. எங்க ஊர்ல பாயிண்ட் ஆட்டம், கருப்பு 10, வெள்ளை 20, ரெட் 50. கடலூரு தம்பி ஊர்ல வேற கணக்கு. அக்கா ஊர்ல ரெட் போட்டு ஃபாலோ, அதாவது அடுத்தாப்லயே நம்ம காய் ஒண்ணு, போடலைன்னா ரெட்ட நடுவுல வெக்கறதோட ஒரு காய் மைனஸும் உண்டாம். முதல் மாசம் பாதி நேரம் இதுலயே போச்சு, சந்தோஷமான சண்டை. கடைசில சார் போட்டி ரூலுக்கு கொண்டு வந்தாரு: ஒம்போது கருப்பு, ஒம்போது வெள்ளை, ஒரு ரெட், ஆளுக்கு ஒரு கலர், காய்க்கு ஒரு பாயிண்ட், ரெட்டுக்கு மூணு, 25 பாயிண்ட் இல்லைன்னா எட்டு போர்டு, எது முதல்ல வருதோ அது. நாற்காலிய நகத்தக்கூடாது, எழுந்திரிக்கக் கூடாது. எழுந்திரிக்காம ஆடறதுதான் கஷ்டம், ஆனா அதுக்குத்தான் டபுளும் தம்பும் கத்துக்கறோம்.

பேச்சுவாக்குல சார் ஒரு நாள் சொன்னாரு, கேரம் உலகத்துக்கு சென்னைதான் பெரிய ஊருன்னு. 1988ல சர்வதேச கேரம் ஃபெடரேஷன் ஆரம்பிச்சதே இங்கதானாம். நம்ம மரிய இருதயம் 1991லயும் 1995லயும் உலக சாம்பியன், 1996ல அர்ஜுனா விருது வாங்கினவரு. வியாசர்பாடில இருந்து உலக சாம்பியன் ஆன இளவழகி. 2024 நவம்பர்ல அமெரிக்கால நடந்த உலகக்கோப்பைல மூணு தங்கம் ஜெயிச்சிட்டு வந்த காசிமா, வடசென்னை பொண்ணு, அப்பா ஆட்டோ ஓட்டறவரு, அவருதான் கோச்சிங்கும். அந்த நியூஸ நான் அப்பவே போன்ல பாத்தேன், கீழ தள்ளிட்டு போயிட்டேன். இப்ப அந்தப் பொண்ணு ஆடற வீடியோவ நிறுத்தி நிறுத்தி பாக்கறேன், விரல் எவ்ளோ கொஞ்சமா அசையுதுன்னு.

ஒரு ஞாயித்துக்கிழமை நடந்தத மட்டும் சொல்லணும். டபுள்ஸ், 24க்கு 23, கடைசி போர்டு. எதிர் டீம்ல வாட்ச்மேன் அண்ணனும் ஒடிசா தம்பியும். போர்டுல எங்களுக்கு ஒரே ஒரு வெள்ளை, அவங்களுக்கு ஒரு கருப்பு, ரெட் ஃப்ரேம ஒட்டி நிக்குது. ரெட்ட போட்டு, வெள்ளைய ஃபாலோ போட்டாத்தான் முடியும். அக்கா கை. மேல தொங்கற பல்பு வெளிச்சத்துல அவங்க நடு விரல் நகத்துல வெள்ளையா பவுடர் ஒட்டியிருந்தது வரைக்கும் எனக்கு ஞாபகம் இருக்கு. சுண்டினாங்க, ரெட் ஃப்ரேமோரமாவே சறுக்கிக்கிட்டு போய் ஓட்டை வாய்ல ஒரு நொடி நின்னு விழுந்துச்சு. யாரும் மூச்சு விடல. ஃபாலோ நேர் காய், குழந்தை கூட போடும், அக்காவுக்கு கை நடுங்கி காய் ஓட்டை முனைல பட்டு நின்னுடுச்சு. ரெட் திரும்ப நடுவுக்கு வந்துச்சு, அண்ணன் வந்த கைல ரெட்டையும் கருப்பையும் முடிச்சிட்டாரு. தோத்துட்டோம். அக்கா என் தோள்ல கைய போட்டுக்கிட்டு சிரிச்சுக்கிட்டே இருந்தாங்க, நானும். பத்து பேர் சுத்தி நின்னு அந்த ஃபாலோவ எப்படி போட்டிருக்கணும்னு பத்து விதமா சொன்னாங்க. அன்னிக்கு ராத்திரி அம்மா போன் பண்ணப்பவும் என் தொண்டை கட்டித்தான் இருந்துச்சு, கத்தினதுல.

மழைக்காலத்த பத்தி சொல்றேன்னு சொன்னேன்ல. நவம்பர்ல பவுடர் கட்டி கட்டியா ஆகும், காய் பாதி வழில பிரேக் போட்ட மாதிரி நிக்கும். பவுடர இன்னும் அள்ளிக் கொட்டறது தப்பு, நாங்க முதல்ல அதத்தான் பண்ணோம். பழச எல்லாம் காஞ்ச காட்டன் துணியால சுத்தமா துடைச்சிட்டு, கொஞ்சமா புதுசு தூவி உள்ளங்கையால தேய்க்கணும். ஈரத்துணி போர்டு மேல படவே கூடாது. போர்ட செவுத்துல சாச்சு வெக்காதீங்க, செவுரு ஈரத்த விட்டா ஒரு பக்கமா வளையும். நாங்க ஸ்டாண்ட் மேலயே படுக்க வெச்சு பழைய போர்வையும் அதுக்கு மேல தார்ப்பாயும் போட்டு மூடி வெச்சோம். மழை முடிஞ்சு சார் கண் மட்டத்துல பாத்தாரு, நேரா இருக்கு. இந்த ஒரு விஷயத்துக்கே 12 எம்எம்முக்கு கொடுத்த காசு தகும்.

பவுடர்னு சொல்றது போரிக் பவுடர், மூஞ்சிக்கு போடற பவுடர் இல்ல. வழுக்கறதுக்கு அதுதான் நல்லது, ஆனா வயித்துக்குள்ள போகக்கூடாது. குட்டிப் பசங்க வந்து விளையாடறாங்க, இடைல முறுக்கு, கடலைன்னு ஏதாவது கொறிக்கறோம், அதனால பக்கத்துலயே ஒரு பக்கெட் தண்ணியும் சோப்பும் வெச்சிட்டோம், கை கழுவாம தின்பண்டத்துல கை வெக்கக்கூடாதுன்னு அக்கா ஸ்ட்ரிக்ட். ஊதி விளையாடற பசங்கள கண்டிச்சு வைங்க.

வெளிச்சமும் முக்கியம். டியூப் லைட் ஒரு பக்கமா இருந்தா காய்க்கு பக்கத்துல நிழல் விழுந்து ஒரு காய் ரெண்டா தெரியும். நடுவுக்கு நேர் மேல ஒரு எல்ஈடி பல்பு, சுத்தி ஒரு தகர ஷேடு, எல்லாம் சேத்து 400 ரூபாய்க்குள்ள முடிஞ்சுது. கரண்டு அசோசியேஷன் மீட்டர்ல போகுதுன்னு ஒரு வீட்ல பேச்சு வந்துச்சு, மாசம் ஆளுக்கு இருபது ரூபா போட்டு கொடுத்துட்டோம். சத்தம்னும் ஒரு கம்ப்ளெயின்ட் வந்துச்சு, அது நியாயம்தான், முதல் மாடில பரீட்சைக்கு படிக்கற பொண்ணு இருக்கா. ராத்திரி ஒம்போதரைக்கு போர்வைய போட்டு மூடிடறோம். அந்தப் பொண்ணே பரீட்சை முடிஞ்ச அன்னிக்கு சாயங்காலம் கீழ வந்து, "அக்கா, எனக்கும் ஒரு கை"ன்னு நின்னா.

வீட்டுக்குள்ள ரெண்டு பேர் மட்டும் விளையாடப் போறீங்கன்னா இவ்ளோ பெரிய போர்டு வேண்டாம், 8 எம்எம் போதும், விலையும் பாதிக்கு கிட்ட குறையும், தூக்கவும் சுலபம். பொதுவான ஒரு இடத்துல, நாலு பேர் கடந்து போற வழில வெக்க முடியும்னா மட்டும் கனமானதையே வாங்குங்க, அது அங்கயே கிடக்கறதுதான் அதோட உபயோகம். நின்னு பாக்க காசு வேண்டாம், புக்கிங் வேண்டாம், யாரையும் முன்னாடியே தெரிஞ்சிருக்கவும் வேண்டாம். எனக்கு மொத்த செலவு போர்டு, ஸ்டாண்ட், ஸ்ட்ரைக்கர், பல்பு, ஆட்டோ எல்லாம் சேத்து ஏழாயிரத்து முன்னூறு சொச்சம். பாதி வருஷம் கட்டின ஜிம் ஃபீஸவிட கம்மி.

பெரியமேடு போறவங்க சனிக்கிழமை காலைல போங்க, நான் முதல்ல போன ஞாயித்துக்கிழமை பாதி கடை பூட்டியிருந்துச்சு. கைல ஒரு இன்ச் டேப் எடுத்துக்கோங்க, ஆட்டோல ஏத்தறதுக்கு கூட ஒரு ஆள கூட்டிட்டு போங்க. கூட்டிட்டு போக ஆள் இல்லைன்னாலும் பரவால்ல, கடைல இருக்கற தம்பி ஏத்தி விடுவாரு, இறக்கி வெக்க வாட்ச்மேன்கிட்ட ஒரு வார்த்தை கேளுங்க.